ஒத்திகையில் இல்லாத காட்சி

என் வீட்டுக்காரர் எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் குழாயைத் திறந்து பார்ப்பார். சொந்தக்காரர் வீடு, டாக்டர் வீடு, துக்கம் விசாரிக்கப் போன வீடு என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. கை கழுவுகிற சாக்கில் குழாயைத் திருகித் தண்ணீரின் வேகத்தைப் பார்ப்பார். அப்புறம் விரல் முட்டியால் சுவரில் இரண்டு தட்டு. அந்தச் சத்தத்தை வைத்தே உள்ளே ஈரம், ஓதம் இறங்கியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஒருமுறை என் தோழியின் கணவர் தவறிப்போய், நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். பின்னால் டொக், டொக் என்று கேட்டது. திரும்பி முறைத்தேன். கையை எடுத்துவிட்டார். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சுவரைப் பற்றித்தான் பேசினார்.

அவர் வீட்டுத் தரகர். காலில் செருப்பு தேய்கிற தொழில். ஆனாலும் பொய் சொல்லி ஒரு வீட்டைக்கூடத் தள்ளிவிட்டதில்லை. விசித்திரமான பழக்கம் இன்னொன்றும் உண்டு. காட்டப் போகிற வீடு காலியாகக் கிடக்கும், சாவி இவர் கையில்தான் இருக்கும், ஆனாலும் மணியை அடித்துவிட்டுக் கதவுக்கு ஓரமாக நகர்ந்து நிற்பார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திறப்பார். கல்யாணமான புதிதில் நான் கேலி செய்திருக்கிறேன்.

"காலி வீட்டுக்கு எதுக்குங்க மணி? பேய் வந்து கதவைத் திறக்குமா?"

"நம்ம வீடு இல்லையே டீச்சர். அடுத்தவங்க வீட்டுல சட்டுன்னு நுழையக் கூடாது."

டீச்சர் என்றுதான் என்னைக் கூப்பிடுவார். நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் விசில் டீச்சர். விசில் இல்லாவிட்டாலும் என் குரல் மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போகும். வீட்டில் நான் மெதுவாகப் பேசினால் 'உடம்பு சரியில்லையா?' என்று கேட்பார்கள்.

அவருடைய வேதம் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது. வயதானவர்கள் யாராவது வந்து, "வீட்டைப் பிள்ளை பேருக்கு மாத்தணும், நல்ல பத்திர எழுத்தரா சொல்லுங்க" என்று கேட்டால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்துவிடுவார்.

"எழுதிக் குடுங்க, வேண்டாங்கலை. ஆனா ஒரு வரி சேர்த்து எழுதுங்க. நானும் என் சம்சாரமும் உயிரோட இருக்கிறவரைக்கும் இந்த வீட்டுல குடியிருக்கிற உரிமை எங்களுக்குத்தான்னு ஒரு வரி. பெத்த பிள்ளையா இருந்தா என்ன? பாசம் பாசமா இருக்கட்டும், அந்த வரி அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அந்த ஒரு வரிக்காக எத்தனையோ பேரிடம் சண்டை போட்டிருக்கிறார். வாடிக்கையாளரின் மகன் ஒருவன் ஒருநாள் எங்கள் வாசலுக்கே வந்து, "எங்க குடும்பத்தைக் கெடுக்கப் பார்க்கறியா?" என்று கத்தினான். இவர் அசரவில்லை. "தம்பி, நாளைக்கு உங்கப்பா தெருவுல நின்னா நீ பதில் சொல்ல மாட்டே, எனக்குத் தூக்கம் வராது" என்றார். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா!

சரி, நாடகத்துக்கு வருகிறேன்.

நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பெரிய பழைய மாளிகை. சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். விற்கச் சொல்லி இவரிடம் கொடுத்து வருஷக்கணக்காகிவிட்டது, வாங்க ஆள் இல்லை. அப்போதுதான் ஒரு நாடகக் குழு வந்து, இரண்டு மாதத்துக்கு வீடு வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டது. மேடை கிடையாதாம், வீடு முழுக்க நாடகம் நடக்குமாம். இவர்தான் பேசி முடித்துக் கொடுத்தார். அந்த நன்றிக்கு இரண்டு இலவச டிக்கெட். ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சி.

ராஜா கதை, நானூறு வருஷத்துக்கு முந்தைய ஆங்கில நாடகம், தமிழில் போடுகிறார்கள் என்று சொன்னார். கிரீடம், வாள், பட்டு அங்கி எல்லாம் இருக்கும் என்று நான் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன்.

வாசலில் ஒரு பெண் எங்களை நிறுத்தி விதிகளைச் சொன்னாள். "உட்கார்ந்து பார்க்கற நாடகம் இல்லைம்மா இது. எந்த ரூமுக்கு வேணாலும் போகலாம். எங்க சத்தம் கேட்குதோ அங்க போங்க. நடிகர்களும் உங்களை மாதிரி சாதாரண டிரஸ்லதான் இருப்பாங்க, உங்க பக்கத்துலயே நிப்பாங்க. யாரு நடிகர், யாரு பார்க்க வந்தவங்கன்னு கண்டுபிடிக்க முடியாது. அதுதான் இதுல விசேஷம்."

"அப்ப ராஜா?" என்று கேட்டேன்.

"ராஜாவும் பேன்ட் சட்டைதான்."

என்ன கண்றாவி என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். இவர் எனக்கு முன்னால் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்தியாக வந்தார்.

கூடத்தில் நீளமான சாப்பாட்டு மேசை. எங்களில் பத்திருபது பேரை அதைச் சுற்றி உட்காரவைத்தார்கள், மற்றவர்கள் சுவரோரம் நின்றார்கள். நாங்கள் எல்லோரும் அந்த வீட்டுச் சொந்தக்காரர்களாம், விருந்துக்கு வந்திருக்கிறோமாம். ராஜா என்று வந்தவர் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர். மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை, கையில் மாத்திரை டப்பா. எங்கள் தெருவில் தினமும் பால் வாங்க வருகிற மனிதர் மாதிரி இருந்தார். எனக்கு அப்போதே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கிரீடம் வைத்தவனுக்குக் கஷ்டம் வந்தால் நாம் வேடிக்கை பார்க்கலாம். மாத்திரை டப்பா வைத்திருக்கிற ஆளை எப்படி வேடிக்கை பார்ப்பது?

அவருக்கு மூன்று பெண்கள். எனக்கு வயதாகிவிட்டது, கம்பெனி, நிலம், வீடு எல்லாவற்றையும் உங்களுக்கே பிரித்துத் தந்துவிடுகிறேன், யாருக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று சொல்லுங்கள் என்கிறார். பாசத்துக்குப் பரீட்சை வைக்கிறாரே இந்த மனுஷன் என்று எனக்குப் பகீரென்றது. மூத்தவள் எழுந்து தேனொழுகப் பேசினாள். இரண்டாமவள் அதற்கு மேல் ஒரு கரண்டி சர்க்கரை போட்டாள். கடைசிப் பெண் மட்டும், எனக்கு அப்படியெல்லாம் பேசத் தெரியாது என்று சொல்லிவிட்டுச் சும்மா நின்றாள். அந்தப் பெரியவர் அவளை வீட்டைவிட்டே போகச் சொன்னார். என் முழங்கைக்கு அருகில்தான் அவள் நின்றாள். அவள் உதடு துடிப்பது எனக்குத் தெரிந்தது. அடப்பாவி மனுஷா, கண் இருக்கிறதா உனக்கு என்று வாய்வரை வந்துவிட்டது.

பக்கத்தில் டொக், டொக் என்று கேட்டது. இவர் மேசையை முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம்."

எழுந்து நின்றுவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. சட்டையைப் பிடித்து இழுத்தேன், உட்காரவில்லை.

"எல்லாத்தையும் எழுதிக் குடுங்க சார், உங்க இஷ்டம். ஆனா நீங்க உயிரோட இருக்கிறவரைக்கும் குடியிருக்கிற உரிமை உங்களுக்குன்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. நான் தரகர், அனுபவத்துல சொல்றேன்."

கூடமே சிரித்தது. இப்படி யாராவது இடையில் பேசினால் சமாளிக்க வேண்டும் என்று நடிகர்களுக்குப் பயிற்சி போலிருக்கிறது. அந்தப் பெரியவர் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் பெத்த பிள்ளைங்கய்யா. அவங்க மேல நம்பிக்கை இல்லையான்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது? நீங்க சொல்லுங்க. உங்க பிள்ளைகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

இந்தக் கேள்விக்கு இவரிடம் ஒன்பது பதில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லாமே எனக்கு மனப்பாடம். ஆனால் மனுஷன் வாயைத் திறக்கவில்லை. மெதுவாக உட்கார்ந்துகொண்டார். ஊர் வாயையெல்லாம் அடைத்த ஆள், ஒரு நாடகக்காரர் கேட்ட கேள்விக்கு வாயடைத்துப் போனாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவ்வளவுதான் அப்போது தோன்றியது. நானும் ஒரு மடச்சி.

அதற்கப்புறம் கூட்டம் கலைந்து அறை அறையாக நடக்க ஆரம்பித்தது. மாடியில் ஒரு சண்டை, பின்கட்டில் ஒரு சதி. நாங்களும் நடந்தோம். மூத்த மகள் வீட்டில் அப்பாவின் ஆட்களைக் குறைக்கிறாள். இரண்டாவது மகள் வீட்டில் அவருக்குக் கட்டில் இல்லை. இதெல்லாம் பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு, கைப்பேசியை நோண்டிக்கொண்டே நடக்கிறது. கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை. கடைசியில் அந்தப் பெரியவருடைய பெட்டியைக் கொண்டுவந்து வாசல் படியில் வைத்தார்கள். சக்கரம் வைத்த சாதாரண நீலப் பெட்டி. எங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒன்று இருக்கிறது.

திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம்.

தேடிக்கொண்டு போனேன். சமையலறையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. இவர் அதை இறுக்கி மூடவில்லை, பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். அதைப் பார்த்துத்தான் எனக்குத் திக்கென்றது.

"என்னங்க, நெஞ்சு வலிக்குதா?"

"இல்லை."

"சர்க்கரை குறைஞ்சுபோச்சா? பையில பிஸ்கட் இருக்கு, இருங்க."

"டீச்சர், எழுதிக் குடுத்துட்டேன்."

"எதை?"

"நம்ம வீட்டை. பாப்பா பேர்ல."

பாப்பா எங்கள் ஒரே மகள். நாற்பது வயது ஆகப்போகிறது, இன்னும் பாப்பாதான். நான் பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"எப்ப?"

"கண் டாக்டரைப் பார்க்கப் போறேன்னு போனேனே, அன்னிக்கு."

அன்றைக்கு வந்ததும் நான் கேட்டேன், டாக்டர் என்ன சொன்னார் என்று. கண்ணு நல்லா இருக்காம் என்று சொன்னார். நான் சந்தோஷப்பட்டுக் காபி போட்டுக் கொடுத்தேன்.

"என்னது!"

அது என் மைதானக் குரல். நானாகப் போட்டதல்ல, தானாக வந்தது. எங்கே சத்தம் கேட்கிறதோ அங்கே போங்கள் என்று வாசலில் அந்தப் பெண் எல்லோருக்கும் சொல்லியிருந்தாளே, அது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

"என்னைக் கேட்கணும்னு தோணலையா உங்களுக்கு? அந்த வீட்டுக்கு முன்பணம் கட்டினது என் வளையல்! மீதியைக் கட்டினதுல பாதி என் சம்பளம்! உங்க பேர்ல இருந்தா என்ன, என் பேர்ல இருந்தா என்னன்னு விட்டேனே, அதுக்கு இதுவா?"

"மெதுவா பேசு டீச்சர். எல்லாரும் வர்றாங்க."

வந்துவிட்டார்கள். கதவு வழியாக, பின்பக்கம் வழியாக, மாடிப்படியிலிருந்து. எங்களைச் சுற்றி அரைவட்டமாக நின்றார்கள். ஒரு பெண் தன் கணவனை முன்னால் தள்ளி, "இங்க வாங்க, இங்க ஒரு சீன் நடக்குது" என்றாள். முன்வரிசையில் இரண்டு பேர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

அவர்கள் என் கண்ணில் பட்டார்கள், ஆனால் உறைக்கவில்லை. என் மண்டைக்குள் ஒரே ஒரு கேள்விதான் ஓடியது.

"சரி. எழுதினது எழுதிட்டீங்க. எப்படியும் அவளுக்குத்தான் போகப்போகுது. அந்த ஒரு வரி போட்டீங்கள்ல?"

அவர் ஒழுகும் குழாயையே பார்த்தார்.

"ஊரெல்லாம் சொல்வீங்களே, அந்த வரி. நானும் என் சம்சாரமும்னு. போட்டீங்களா இல்லையா?"

தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.

"அந்த வரி இருந்தா வீட்டை அடமானம் வச்சு பேங்க்ல கடன் குடுக்க மாட்டாங்களாம் டீச்சர். மாப்பிள்ளையோட அச்சகம் மூழ்கிடும்னு பாப்பா அழுதா. நான் அந்த வரியைப் பத்திப் பேச்செடுத்தேன். எங்க மேல நம்பிக்கை இல்லையாப்பான்னு கேட்டுட்டா. நான் என்ன பதில் சொல்றது?"

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. தாடி வைத்த ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. "பாருங்க, மேசையில அந்தப் பெரியவர் கேட்ட அதே கேள்வி. எப்படிக் கொண்டுவந்து கோத்திருக்காங்க! பிரமாதம்!"

ஊருக்கு உபதேசம் என்பார்கள். என் புருஷன் ஊரில் உள்ள கிழவன் கிழவிகளுக்கெல்லாம் கூரை போட்டுக் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் வானத்தைக் காட்டிவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை பாப்பா வந்திருந்தாள். சாப்பிட்டாள், என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள், கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா, ஹாலுக்கு வேற கலர் பெயின்ட் அடிச்சா நல்லா இருக்கும்ல?" என்று கேட்டாள். வீட்டின் மேல் பெண்ணுக்கு எவ்வளவு அக்கறை என்று நான் பூரித்துப் போனேன். அதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்து, அந்த அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயோ, இது நாடகம் இல்லைங்க!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன். "இது என் வீடு! நிஜமா என் வீடு போயிடுச்சு!"

கைதட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், கைதட்டினார்கள். ஒரு சின்னப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினாள். ஆட்டம் கைமீறிப் போனால் விசில் ஊதி நிறுத்துவது என் பழக்கம். கை தானாகக் கழுத்துக்குப் போனது. விசிலை ஓய்வு பெற்ற அன்றே பள்ளிக்கூட அலமாரியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தப் பெரியவர் வந்தார். ராஜா. தோட்டத்தில் குழாய் வைத்துத் தண்ணீர் பீய்ச்சிப் புயல் காட்சி நடந்துகொண்டிருந்ததாம். பார்க்க ஆளே இல்லாமல் எல்லோரும் என் குரலைக் கேட்டு இங்கே வந்துவிட்டார்கள். தலைமுதல் கால்வரை நனைந்து நின்றார். ஏதோ வசனம் பேசத்தான் வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார், முக்காலியில் இருந்தவரைப் பார்த்தார். பிறகு என் காதருகில் குனிந்து கேட்டார்.

"அம்மா... நிஜமா?"

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அந்த மனிதர் சட்டென்று திரும்பி, வீடே அதிரும்படி, "மழையில ஒருத்தன் நிக்கிறேன், இங்க அடுப்படியில என்ன வேடிக்கை? வாங்க எல்லாரும் வெளியே!" என்று முழங்கினார். கூட்டம் தோட்டத்துக்கு ஓடியது. கடைசி ஆள் போனதும் அவரே கதவைச் சாத்தினார். அவர் நல்லா இருக்க வேண்டும்.

சமையலறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். வெளியே தகரத் தகட்டை ஆட்டி இடி இடிக்கவைத்தார்கள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ வேண்டாம்னு சொல்லுவே."

"அதுக்குத்தானேய்யா பெண்டாட்டின்னு ஒருத்தி!"

அவர் அழுதார். துக்கத்துக்குப் போன வீட்டில்கூட அழாமல் சுவரைத் தட்டுகிற மனுஷன் அழுதார். எனக்குப் பாவமாக இல்லை. ஒரு அறை விடலாமா என்றிருந்தது. பொய் எதற்கு, அதுதான் உண்மை. அந்தக் குழாயை நான்தான் இறுக்கி மூடினேன்.

முடிவுவரை இருக்கவில்லை. அந்த ராஜா என்ன ஆனார், கடைசிப் பெண் திரும்பி வந்தாளா என்று எனக்குத் தெரியாது. வெளி வாசலில் ஒரு இளம் ஜோடி ஓடிவந்து எங்களை மறித்தது.

"அம்மா, நீங்கதான் எல்லாரையும்விட டாப். இவ்வளவு இயல்பா எப்படி நடிக்கிறீங்க? நாங்க மாடியில மாட்டிக்கிட்டோம், கடைசியைப் பார்க்கலை. அந்த வீடு என்ன ஆச்சும்மா? உங்களுக்குத் திரும்பக் கிடைச்சுதா?"

"எனக்கும் தெரியலைம்மா" என்றேன்.

பஸ்ஸில் ஆளுக்கொரு இருக்கையில் உட்கார்ந்து வந்தோம். பாப்பாவுக்கு இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. காலையில் முதல் வேலையாக அவள் வீட்டுக்குப் போகப் போகிறேன். அந்த ஒரு வரியை எழுதித் தரச் சொல்லிக் கேட்கப் போகிறேன். பெற்ற பெண்ணிடம் நான் கேட்கப் போகும் முதல் பரீட்சைக் கேள்வி அது. அவள் என்ன சொல்வாள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

எங்கள் தெருவில் இறங்கும்போது விளக்குப் போட்டிருந்தார்கள். படியேறினோம். சாவி அவர் கையில்தான் இருந்தது. நான் பின்னால் நின்றேன்.

அவர் கதவைத் திறக்கவில்லை. மணியை அடித்துவிட்டு, ஓரமாக நகர்ந்து நின்றார்.

வேண்டுமென்று செய்யவில்லை, கை பழக்கத்தில் செய்துவிட்டது. அது அவருக்கே ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நானும் அவர் பக்கம் நகர்ந்தேன். உள்ளே யாரும் இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் கொஞ்ச நேரம் அப்படியே காத்துக்கொண்டு நின்றோம்.